தாளத்தை விழுங்காத பெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அம்மாவின் போனுக்கு அனுப்பிய மாமனார் மேல்மாடி கட்டித் தரும் உன் புது வீட்டின் வரைபடத்தை நான் களவாகப் பார்த்துவிட்டேன். அவள் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற நேரம் போன் மேசையில் கிடந்தது. நேரம் பார்க்கத்தான் எடுத்தேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பமாட்டேன். கீழ் மாடி, மேல் மாடி, ஹோல், அறைகள் எல்லாம் உன்னுடைய சுத்தமான கோடுகளில் இருந்தன. பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர்கள் வரப்போகும் இடங்களில் சின்னச் சின்ன வட்டங்கள். ரவுட்டரிலிருந்து வரும் லைனை அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச்சை எங்கே வைப்பது என்பதில் மட்டும் உனக்கு முடிவில்லை போலிருக்கிறது. படிக்குக் கீழே ஒரு சிவப்பு வட்டமும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தாய். அதைப் பார்த்துவிட்டு அம்மா, "உதை அப்பாட்டை ஒருக்காக் கேக்கவோ தம்பி?" என்று எழுதியிருந்தாள். நீ, "வேண்டாமம்மா. அவருக்கு என்ரை வேலை பிடிக்காது" என்று பதில் போட்டிருந்தாய். அப்பாவாகிய நான் அந்த ஒரு வரியை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நேரில் வந்து கதைக்கலாம்தான். ஆனால் என்னைப் பற்றி உனக்குத் தெரியும். இரண்டாவது வசனத்திலேயே என் குரல் ஏறிவிடும். நீ வழமைபோல எழும்பி வெளியே போவாய். அம்மா இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றுவாள். சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். கடிதமென்றால் நான் கத்த முடியாது. நீ கோபத்தில் மடித்து வைத்தாலும், பிறகு ஆறுதலாக எடுத்துப் படிக்கலாம். முதலில் அந்தச் சுவிட்ச்சைப் பற்றி எழுதுகிறேன், அது எனக்குச் சுகமான பகுதி. மற்றது பின்னால் வருகிறது. அங்கே வரும்போது கடிதத்தை வைத்துவிடாதே.

எங்கள் வீட்டுக்கு முதன்முதல் அந்தப் பெட்டி வந்த நாள் நினைவிருக்கிறதா? எங்களுடையது பழைய கல்லுச் சுவர். முன் ஹோலில் இருக்கும் ரவுட்டரின் வைஃபை, நான் பாட்டுக் கேட்கும் பின்னறைக்கு வந்து சேருவதற்குள் களைத்துவிடும். நாதஸ்வரக்காரர் மூச்சை அடக்கி ஒரு சுரத்தில் நிற்கும் இடமாகப் பார்த்துப் பாட்டு நின்று, திரையில் வட்டம் சுற்றும். அவர் மூச்சு விடாமல் நிற்பார், நான் பொறுமையில்லாமல் கத்துவேன். கடைசியில் நீ கேபிள் இழுத்துத் தருகிறேன் என்றாய். சுவிட்ச் என்றதும் அம்மா லைட் போடுகிற சுவிட்ச் என்று நினைத்தாள். நீ அவளுக்கு விளக்கினாய்: "தோட்டத்திலை தண்ணி கட்டேக்கை ஒரு வாய்க்காலாலை வாறதை ஒவ்வொரு பாத்திக்கும் திருப்பி விடுறம் அல்லே அம்மா, உந்தப் பெட்டியும் அதைத்தான் செய்யும்." அவளுக்கு உடனே விளங்கியது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது, ஆனால் முதலே தெரிந்தவன் மாதிரித் தலையாட்டினேன்.

பெட்டியை நான்தான் வாங்குவேன் என்று பிடிவாதமாக நின்றேன். நீ எட்டுக் கேபிள் பூட்டக்கூடிய, கைக்குள் அடங்குகிற ஒன்று போதும் என்றாய். நான் பெரிதாக இருந்தால்தான் பலமாக இருக்கும் என்று, ஏதோ அரசாங்கக் கந்தோரில் கழற்றிய இருபத்துநாலு கேபிள் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உள்ளே காற்றாடி வைத்தது. எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோதும் நான் விடவில்லை. சாமியறைதான் வீட்டுக்கு நடு, அங்கேதான் தூசியில்லை, அங்கேதான் யாரும் கண்டபடி கை வைக்கமாட்டார்கள் என்று சட்டம் பேசினேன். சாமியறைக்குள் போகிற பொருளென்றால் நேரம் பார்க்க வேண்டும் என்றாள் அம்மா. இராகு காலம் கழியும்வரை நீ கையில் ஸ்குறூ டிரைவரோடு வாசலில் நின்றாய். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரமும் சாம்பிராணியும், பெட்டிக்கு மேலே ஒரு செம்பரத்தம்பூ, தூசி படாமல் பின்னல் துணியால் ஒரு மூடல். ஐந்து மாதத்தில் பெட்டி படுத்துவிட்டது. நீ அதைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்குள்ளை ஒரு சின்னக் கோயிலே இருக்கு" என்றாய். காற்றாடி முழுக்கக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும், ஒரு மூலையில் திருநீறு. "ஒரு மாசமா நல்லாச் சுட்டது. சாமிதான் சுடுறார் எண்டு நினைச்சன்" என்றாள் அம்மா. மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம். அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று இதை எழுதும்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

ஆகவே உன் வீட்டுக்கு, காற்றாடி இல்லாத, இரும்பு உடம்புள்ள சாதாரணப் பெட்டியாக எடு. சத்தம் போடாது, கரி குடிக்காது. எட்டுக் கேபிள் பூட்டுகிறது போதும். உன் கணக்கில் ஐந்துதான் வருகிறது, மிச்சம் பிறகு உதவும். மேல் மாடியில் நீ ஒரு வட்டமும் போடாமல் விட்டிருக்கும் அந்தச் சின்ன அறைக்கும் இப்போதே ஒரு கேபிள் இழுத்துவிடு. அது யாருக்கு என்று என்னைக் கேட்காதே. பெட்டியைப் பூட்டிய அலுமாரிக்குள் வைக்காதே, துணியால் மூடவும் விடாதே. உன் மாமியார் அதைக் கண்டதும் சாமியறையைத்தான் காட்டுவார். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பக்குவமாக மறுத்துவிடு.

உன் சிவப்பு வட்டத்துக்கு வருகிறேன். படிக்குக் கீழே நல்ல இடம் மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் மோட்டர் அறை என்று நீயே வரைந்திருக்கிறாய். சாமியறையை விட்ட பிறகு நான் பெட்டியைக் கொண்டுபோய் எங்கே வைத்தேன் என்பதை மறந்துவிட்டாயா? பின் விறாந்தையில், கிணற்று மோட்டருக்குப் போட்ட அதே பிளக்கில். ஒவ்வொரு நாளும் காலையிலும் பின்னேரமும் பாட்டு நின்றது. நான் பாட்டு அனுப்புகிற கம்பனிக்காரனைத் திட்டினேன், இன்டர்நெட்டுக்குக் கண்ணாடி லைன் இழுத்தவனைத் திட்டினேன். நீ ஒரு கடதாசியில் நேரங்களைக் குறித்துக்கொண்டு வந்து, மெதுவாக, "அப்பா, அம்மா மோட்டர் போடேக்கைதான் நிக்குது" என்றாய். மோட்டர் எழும்பும்போது கரண்டை இழுக்கும், பெட்டி ஒரு கணம் மயங்கி விழுந்து எழும்பும். சுன்னாகத்தில் முப்பத்தைந்து வருடம் தண்ணீர் மோட்டரும் எஞ்சினும் திருத்தியவனுக்குத் தன் வீட்டு மோட்டர் செய்த வேலை தெரியவில்லை. நான் அன்று, "உது எனக்கு முதலே தெரியும்" என்று சொன்னேன். தெரியாது, தம்பி. நீதான் கண்டுபிடித்தாய். அதைச் சொல்லக்கூட எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

படி ஏறி முடிகிற இடத்தில், சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு திறந்த தட்டு அடித்து அதில் வை. எல்லா அறைக்கும் அங்கேயிருந்து தூரம் குறைவு. மெயின் போர்ட்டிலிருந்து தனி லைன் எடுத்து, ரவுட்டருக்கும் சுவிட்ச்சுக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் போடு. கரண்ட் போய்வருகிற ஊரில் அது சொகுசு இல்லை. பாட்டுக் கேபிளையும் கரண்ட் வயரையும் ஒரே குழாய்க்குள் விடாதே, ஒரு சாணாவது விலகிப் போகட்டும். ஸ்பீக்கருக்குப் பாட்டைக் கொண்டுவந்து கொடுக்கும் பெட்டிகளுக்கெல்லாம் கேபிளையே பூட்டு, போன்கள் மட்டும் வைஃபையில் திரியட்டும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், உன்னிடம் நான் படித்ததுதான். எழுதுவதற்கு எனக்கு ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி மற்றதுக்கு வருகிறேன்.

என் காதைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருந்தது, நீயும் கேட்டு வளர்ந்தாய். எஞ்சின் ஓடும்போது ஸ்குறூ டிரைவரின் இரும்பு முனையை அதன் உடம்பில் வைத்து, பிடியை என் காதில் வைத்துக் கேட்டால், உள்ளே சுழலும் எந்தப் பெயரிங் தேய்ந்துவிட்டது என்று கழற்றாமலே சொல்லுவேன். உரும்பிராயிலிருந்தும் கோப்பாயிலிருந்தும் தோட்டக்காரர் மோட்டரைக் கட்டிக்கொண்டு வருவார்கள், "அண்ணை, ஒருக்காக் காது வைச்சுப் பாருங்கோ" என்பார்கள். டாக்குத்தர் மாதிரி ஒரு நடப்பு எனக்கு. மின்சாரமில்லாத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோ சுற்றி ரேடியோவில் மேளக்கச்சேரி கேட்ட ஆள். அந்தக் காது பிழைவிடும் என்று எனக்கு நினைப்பே வரவில்லை. அதே காதை வைத்துத்தான் ஒருநாள், பாட்டில் தாளம் கேட்கவில்லை என்று கண்டுபிடித்தேன்.

நாயனம் வந்தது, தவில் வந்தது, அந்தச் சின்ன வெண்கலத் தாளத்தின் கிணுங்கல் மட்டும் வரவில்லை. நீ பக்கத்தில் இருந்து, "நல்லாக் கேக்குதே அப்பா" என்றாய். உனக்குக் கேட்கத் தெரியாது என்றேன். இன்டர்நெட்டில் தேடினேன். பாட்டுக்கென்றே செய்த விசேஷ சுவிட்ச் இருக்கிறது, அதைப் பூட்டினால் ஒலி திறக்கும், திரை விலகும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். எனக்கு வேண்டியதைத்தான் நான் படித்தேன். கொழும்பிலிருந்து ஒன்று எடுப்பித்தேன். பூட்டிய முதல் நாள் தாளம் கேட்டது! துள்ளிக் குதித்து உன்னைக் கூப்பிட்டேன், நினைவிருக்கும். மனப்பாடமான கச்சேரி, தாளம் எங்கே விழும் என்று தெரியும், கேட்க வேண்டுமென்று ஆசை. அதனால் கேட்டது. இரண்டு கிழமையில் மறுபடி இல்லை. இன்னொன்று வாங்கினேன். பிறகு மூன்றாவது. நீ அப்போதுதான் வாய் திறந்தாய். "அப்பா, உந்தப் பெட்டியாலை பாட்டு எண்களாத்தான் போகுது. வந்தா முழுசா வரும், வராட்டி நிக்கும். தாளத்தை மட்டும் விழுங்கிப்போட்டு நாயனத்தைக் கொண்டு வந்து தர அதுக்குத் தெரியாது." அவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை. நான் சொன்ன பதில், "என்ரை காதுக்கு நீ படிப்பிக்காதை."

சுவிட்ச்சில் பிழையில்லை என்றால் கேபிளில்தான் பிழை என்று பிறகு முடிவுகட்டினேன். கேபிள் உன் கைவேலை. உன் கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது வாசுகியின் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சம்பந்தி, "தம்பி உந்த வயர் வேலையெல்லாம் செய்வாராம், எங்கடை வீட்டு மேல்மாடிக்கும் அவரையே செய்யச் சொல்லுவம்" என்று பெருமையாகச் சொன்னார். நான், "இவன் இஞ்சை இழுத்ததே பிழை. நான் ஆள் பிடிச்சுத் திருப்பி இழுக்கப் போறன்" என்றேன். நீ கையில் வைத்திருந்த தட்டத்தைக் கீழே வைத்தாய்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆம்பிளை பெண்ணின் சீதன வீட்டுக்குப் போய் இருக்கிறது வழமை. நானும் அப்படி உன் அம்மாவின் வீட்டுக்கு வந்தவன்தான். மாமனாரின் வீட்டில் முதல் வருடம் ஒரு ஆணி அடிக்கும்போதும் நாலு கண் பார்க்கும். என்னை அங்கே நிமிர்ந்து நிற்க வைத்தது என் தொழில்தான். வந்த இரண்டாம் நாள் அவருடைய எஞ்சினைத் திருத்திக் கொடுத்தேன், அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் விருந்தாளியில்லை. இதெல்லாம் தெரிந்த நான், நீ போய் வாழப்போகிற வீட்டுக்காரருக்கு முன்னால் உன் கைவேலையைப் பிழை என்று சொன்னேன். கோபத்தில் வந்தது என்று சொல்ல மாட்டேன். எனக்குக் கோபமே இல்லை அப்போது. நான்தான் சரி என்று காட்ட வேண்டியிருந்தது.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, அது உனக்குத் தெரியாது. கல்யாணம் முடிந்து நீ உரும்பிராய்க்குப் போன அடுத்த கிழமை, சொன்னபடி ஒருவரைப் பிடித்து வந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். அவர் ஒரு கருவியைப் பூட்டி எல்லாக் கேபிளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு, "அண்ணை, ஒரு குறையும் இல்லை. வடிவா இழுத்திருக்கு. ஆர் செய்தது?" என்று கேட்டார். என் மகன் என்று சொல்ல வாய் வரவில்லை. "பரவாயில்லை, நீர் கழட்டும்" என்றேன். "ஏன் அண்ணை, நல்லதை..." என்றார். "கழட்டச் சொன்னா கழட்டும்." சம்பந்திக்கு முன்னால் சொல்லிவிட்டேன் என்பதற்காக, நல்லது என்று தெரிந்தே, நீ மூன்று ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்று இழுத்ததைப் பிடுங்க வைத்தேன். பின்னேரம் நீ எங்களைப் பார்க்க வந்தபோது உன் கேபிள் முற்றத்தில் குவியலாகக் கிடந்தது. நீ என்னைக் கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. சிக்கெடுத்து, வட்டமாகச் சுருட்டி, மோட்டர்சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாய். கல்யாணம் முடிந்து நாலு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாய், அம்மாவோடு கதைக்கிறாய், எனக்குச் சுகம் விசாரிக்கிறாய். பின்னறைக்குள் மட்டும் நீ காலடி வைக்கவில்லை. புதுக் கேபிளிலும் தாளம் வரவில்லை.

போன மாதம் ஒரு தோட்டக்காரர் மோட்டரைக் கொண்டு வந்தார். ஓடவிட்டுக் காது வைத்துப் பார்த்தேன். நல்லாயிருக்கிறது, கொண்டு போங்கள் என்றேன். இரண்டு நாளில் அது தோட்டத்தில் இறுகி நின்றுவிட்டது, வெங்காயத்துக்குத் தண்ணீரில்லை. அவர் கோபிக்கவில்லை, கவலையாகத்தான் கேட்டார்: "அண்ணை, அண்டைக்கே உது கீச்சு கீச்செண்டு கத்தினது. உங்களுக்குக் கேக்கேல்லையோ?" கடையில் நின்ற மற்ற இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. அவர்கள் அனைவரும் எவ்வளவு காலமாக எனக்கு இதைச் சொல்லாமல் இருந்தார்களோ.

மோட்டருக்குப் பெல்ட் வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியின் காது கிளினிக்குக்குப் போனேன். ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, இரண்டு காதுக்கும் மூடி போட்டு, சத்தம் கேட்கும்போது பொத்தானை அமத்தச் சொன்னாள் அங்கே வேலை செய்யும் ஒரு பெண்பிள்ளை. நான் நன்றாகத்தான் அமத்திக்கொண்டிருந்தேன். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். சோதனை முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் இன்னும் ஒவ்வொரு சத்தமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, தம்பி. அவள் கடதாசியில் கீறிய ஒரு கோட்டைக் காட்டினாள், பாதிவரை நேராக வந்து பிறகு கிணற்றுக்குள் போகிற மாதிரி இறங்கியது. "கூரான மேல் சத்தங்கள் கேக்காமல் போட்டுது ஐயா. எஞ்சின் சத்தத்துக்கை நிண்டனியள் எல்லே, பத்து வருசமா மெல்ல மெல்லப் போயிருக்கும்." தாளம் கேட்குமா என்று கேட்டேன். "அதுதான் முதல் போயிருக்கும்" என்றாள். பிறகு சும்மா ஒரு விசயம் சொல்வது மாதிரிச் சொன்னாள்: "மெல்லமாக் கதைக்கிற ஆக்களின்ரை கதையும் உங்களுக்கு விளங்கியிராது. அவை வாய்க்குள்ளை கதைக்கிற மாதிரி இருந்திருக்கும்."

வாய்க்குள் கதைக்காதே. உன்னிடம் நான் அதிகம் சொன்ன வசனம் அதுதான் என்று நினைக்கிறேன். நீ பள்ளிக்கூடத்தில் ஏ லெவல் படிக்கிற காலத்திலிருந்து, சாப்பாட்டு மேசையில், கடையில், ஆட்களுக்கு முன்னால். "ஆம்பிளைப் பிள்ளை, நிமிந்து நிண்டு கதை. உதென்ன முணுமுணுப்பு?" நீ திரும்பச் சொல்லுவாய், நான் இன்னும் விளங்காமல் இன்னும் கத்துவேன். கடைசியில் நீ என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டாய். நான் அதை உன் குணம் என்று நினைத்தேன், அழுத்தக்காரன் என்று அம்மாவிடம் குறை சொன்னேன். நீ ஒருநாளும் முணுமுணுக்கவில்லை. உன் குரல் மென்மையானது, அம்மாவின் தகப்பனுக்கும் அப்படித்தான். பஸ்ஸில் வரும்போது இதையெல்லாம் நினைத்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஆஸ்பத்திரியால் வருகிறேன் என்று பார்த்துவிட்டு, "ஆருக்கு அண்ணை சுகமில்லை?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன்.

நேற்று நீ வேலைக்குப் போன பிறகு சைக்கிளில் உரும்பிராய்க்கு உன் மாமனார் வீட்டுக்குப் போனேன். இதை உன்னிடம் சொல்ல வேண்டாமென்று வாசுகியிடம் கேட்டிருந்தேன், நானே எழுத வேண்டும் என்பதற்காக. சம்பந்தி தோட்டத்தில் நின்றார். வரம்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கதையை வளர்க்காமல் சொன்னேன்: "சம்பந்தி, அண்டைக்கு எங்கடை வீட்டிலை நான் சொன்னது பிழை. தம்பி இழுத்த வயரிலை ஒரு குறையும் இல்லை. சோதிச்சுப் பாத்தது, எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கழட்டினனான். குறை என்ரை காதிலை." அவர் மண்வெட்டியை வரம்பில் ஊன்றினார். "அதுக்கு இந்த வெயிலுக்கை சைக்கிள் உழக்கிக்கொண்டு வரவேணுமே? போனிலை சொல்லியிருக்கலாமே." "போனிலை நீங்கள் சொல்லுறது எனக்கு அரைவாசிதான் கேக்கும்" என்றேன். சிரித்துவிட்டார். மேல்மாடி வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஆளைச் சொல்லி வைத்திருந்தாராம், நிற்பாட்டுகிறேன் என்றார். "அவர் என்ரை மருமோன். அவரே செய்யட்டும்" என்றார். வாசுகி வெயிலுக்குக் குடிக்கத் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொண்டு வந்து தந்தாள். போகும்போது வழியனுப்பப் படலைவரை வந்து, "மாமா, அவர் அண்டைக்குச் சுருட்டிக்கொண்டு வந்த வயரை எறியேல்லை. எங்கடை அலுமாரிக்கு மேலைதான் கிடக்கு" என்றாள். அது நல்ல கேபிள், தம்பி. உன் வீட்டுக்கு அதையே போடு.

அந்த விசேஷ சுவிட்ச் மூன்றையும் உனக்குத் தருகிறேன் என்று எழுத நினைத்தேன், பிறகு விட்டுவிட்டேன். உனக்கு அவை தேவையில்லை. கடையில் கிடைக்கிற சாதாரணப் பெட்டி உன் வீட்டில் எல்லாப் பாட்டையும் ஒழுங்காகக் கொண்டுவரும். எப்போதாவது ஒலி குறைவதாகத் தோன்றினால், ஒன்றையும் மாற்றாமல் முதலில் வாசுகியைக் கேள். அவள் சொல்வதை நம்பு.

கடைசியாக ஒன்று. வருகிற புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்னை மறுபடி கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு காதுக்கும் மிசின் பூட்டப் போகிறார்கள். அதைக் கடையில் வாங்கிச் செருப்புப் போடுவது மாதிரிப் போட முடியாதாம், ஆளுக்கு ஆள் அளவு வைக்க வேண்டுமாம். அந்தப் பிள்ளை சொன்னாள், "வீட்டிலை ஒராளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ ஐயா. அவை கதைக்கக் கதைக்கத்தான் நான் உதைச் சரிக்கட்டுவன். ஆரின்ரை கதை உங்களுக்கு விளங்கவேணுமோ, அவையைக் கூட்டியாங்கோ." அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்ன அன்றே அவள் எந்தச் சீலை உடுப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள். நான் அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முப்பத்திரண்டு வருடமாக அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும், மிசின் இல்லாமலே கேட்கும். அவள் கோபிக்கவில்லை. நான் யாரை நினைக்கிறேன் என்று கேட்கவுமில்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டு நீ வா. என்ன கதைப்பது என்று யோசிக்காதே. வேலைத்தலத்துக் கதை சொல்லு, வீட்டு வேலை எவ்வளவில் நிற்கிறது என்று சொல்லு. நான் செய்ததைப் பற்றி உனக்குச் சொல்ல இருக்கிறதென்றால் அதைச் சொல்லு, அங்கே நான் மறுமொழி சொல்ல மாட்டேன், கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். உரத்துச் சொல்ல வேண்டாம். உன் வழமையான குரலில் கதை. அந்தக் குரலுக்குத்தான் அவர்கள் என் காதைச் சரிக்கட்டப் போகிறார்கள்.

அப்பா